ஏழரை மணிச் செய்தி

மாலை நாலு பத்துக்குப் பாதுகாப்பு வால்வு திறந்திருக்க வேண்டும். அழுத்தமானியின் முள் பத்தைத் தொட்டது. சிவப்புக் கோட்டின் மேல் ஒரு நொடி நின்றது. பிறகு தாண்டியது. வால்வு வாய் திறக்கவில்லை. அவள் பென்சிலை நோட்டில் ஊன்றியபடி முள்ளையே பார்த்தாள். பத்து புள்ளி ஒன்று. பத்து புள்ளி இரண்டு. பாய்லர் அறையில் எப்போதும் இருக்கிற இரைச்சல்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடியில், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது போல இரும்புத் தகடு இழுபடும் ஓசை. பதினாறு வருஷத்தில் அதை அவள் இரண்டு முறைதான் கேட்டிருக்கிறாள்.

"நெருப்ப நிறுத்துங்க," என்றாள்.

பாய்லர்காரருக்கு அவள் மொழி தெரியாது. அவள் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினாள். எந்த நாட்டுப் பாய்லர் அறையிலும் புரிகிற சைகை அது. அவருக்கும் புரிந்தது. ஆனாலும் அவர் விசையைத் தொடவில்லை. அவள் தோளுக்கு மேலே கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே மேனேஜர் கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து, மாட்டிக்கொண்டு, முள்ளைப் பார்த்து, அப்புறம்தான் தலையை அசைத்தார். நெருப்பு அணைந்தது. நடுவில் போன அந்த ஐந்து நொடியை அவள் நோட்டில் எழுதவில்லை. மனதில் எழுதிக்கொண்டாள்.

சாயம் போடும் ஆலை அது. நாலு பாய்லர். அவளுடைய கம்பெனி சோதித்து முத்திரை வைத்தால்தான் பாய்லரைப் பற்றவைக்கலாம் என்பது சட்டம். எட்டு நாள் வேலை என்று சொல்லி வெளிநாட்டுக்கு அவளைத் தனியாக அனுப்பியிருந்தார்கள். மூன்று பாய்லர்கள் மூன்று நாளில் முடிந்தன. இது நாலாம் நாள், நாலாவது பாய்லர். இந்த ஆலையில் அவள் மொழி பேசத் தெரிந்தவர் மேனேஜர் ஒருவர்தான். யார் எது சொன்னாலும் அவர் வழியாகத்தான் அவளுக்கு வந்து சேர்ந்தது. நல்ல மனிதர். முதல் நாள் அவள் நாற்காலியில் நெளிவதைப் பார்த்துத் தன் அறையிலிருந்து மெத்தையைக் கொண்டுவந்து போட்டவர்.

வெளிநாட்டு வேலை என்று உத்தரவு வந்த அன்றே அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் மேஜையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவள். ஊரில் நடக்கிற அத்தனை கெட்டதும் முதலில் அவள் காதுக்குள் நுழைந்துதான் மற்ற இடங்களுக்குப் போகும். தங்கைக்கு முப்பத்தெட்டு வயதாகியும் அவளுக்குப் பாப்பாதான்.

"எழுதிக்கோ பாப்பா. ரூம் தரைத்தளத்துல வேணாம். ரொம்ப உசரத்துலயும் வேணாம். ரிசப்ஷன்ல ரூம் நம்பர சத்தமாச் சொன்னாங்கன்னா வேற ரூம் கேளு. கார்ல ஏறுறதுக்கு முன்னாடி நம்பரப் படம் எடு. முன் சீட்டுல உக்காராத. டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல உக்காரு."

"எதுக்கு, அவன் கழுத்த நெரிக்க வசதியா?" என்றார் மாமா, செய்தித்தாளை இறக்காமலே.

"நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

"பாய்லரையே மிரட்டுறவ. இவள எவன் மிரட்டப் போறான்? அங்க இருக்கறவனுங்களுக்கு நீ ஒரு நோட்டு எழுதிக் குடு."

கதவடியில் செருகுகிற ரப்பர் ஆப்பு ஒன்றையும் அக்கா ஹார்டுவேர் கடையிலிருந்து வாங்கி வந்தாள். அதற்கும் மாமா ஒன்று சொன்னார்: "ஆப்ப கதவுக்கு மட்டும் வை. கம்பெனிக்கு வச்சுட்டு வந்துடாத." எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, அதில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தாள். உனக்காக யார் காத்திருக்கிறார்கள், யார் இல்லை என்பதை வெளியே ஒருவரிடமும் சொல்லாதே. தினமும் இரவு ஏழரைக்கு ரூமுக்கு வந்துவிட்டேன் என்று ஒரு மெசேஜ். எட்டு வரைக்கும் வரவில்லை என்றால் நான் ஆரம்பித்துவிடுவேன்.

"என்னத்த ஆரம்பிப்ப?"

"முதல்ல ஹோட்டல். அப்புறம் ஆலை. அப்புறம் உங்க கம்பெனி. அப்புறம் போலீஸ். எல்லா நம்பரும் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "சிரிக்காத பாப்பா. எனக்கு ஃபோன் வரும். எங்க வீட்டு ஆள் அங்க வந்திருக்காங்களா, வயசு இது, போட்டிருந்த துணி இந்தக் கலர்னு கேப்பாங்க. எப்பலேர்ந்து காணோம்னு கேப்பேன். மூணு நாளாச்சும்பாங்க. மூணு நாள் என்ன பண்ணீங்கன்னு கேக்க மாட்டேன். அவங்களே சொல்லுவாங்க. நல்லாத்தான் இருப்பான்னு நினைச்சோம்மா."

அக்கா சொன்னால் சொன்னதுதான். ஹோட்டலில் முதல் நாள், ஏழரைக்குத் தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டதில் நேரம் போனது தெரியவில்லை. எட்டு தாண்டி ஆறாவது நிமிஷம் கதவு இடிபட்டது. ஹோட்டல்காரர்கள் மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்தே விட்டார்கள். ரப்பர் ஆப்புதான் கதவைப் பிடித்து நிறுத்தியது. துண்டோடு இந்தப் பக்கம் நின்று அவள் கத்த, அந்தப் பக்கம் மூன்று பேர் மன்னிப்புக் கேட்டார்கள். மறுநாள் காலை ஆலைக்குள் நுழையும்போதே எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு இருந்தது. "உங்க அக்கா எங்க முதலாளியவே சாப்பாட்டுல இருந்து எழுப்பிட்டாங்க மேடம்," என்றார் மேனேஜர். அன்று முழுவதும், அவள் ஏணியில் ஏறும்போதெல்லாம், யாரோ ஒருவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஆண் இன்ஸ்பெக்டர் ஒருவருக்கு அவர்கள் அப்படிப் பிடித்திருக்க மாட்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் ரூமுக்குத் திரும்பியதும் கட்டிலில் உட்கார்ந்து, மிச்சமிருந்த நாட்களுக்கான மெசேஜ்களை ஒரே மூச்சில் எழுதிவிட்டாள். நேரம் குறித்து வைத்தால் ஃபோன் தானே அனுப்பிவிடும். வேலையில் காட்டுகிற கவனத்தை இதிலும் காட்டினாள். ஒன்று போல இன்னொன்று இருக்கக்கூடாது. அக்கா மோப்பம் பிடித்துவிடுவாள். ஒருநாள் சூப் நன்றாக இருந்தது. ஒருநாள் முழங்கால் வலி. ஒருநாள் சீக்கிரம் தூங்கப் போகிறேன், கூப்பிடாதே. ஆறாம் நாள் பக்கத்து அறையில் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது. எட்டாம் நாள்: ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டேன், இறங்கியதும் பேசுகிறேன். இருபது நிமிஷத்தில் முடிந்தது. ரிப்போர்ட் எழுதி முடித்த நிம்மதியோடு தூங்கினாள்.

அன்றே ஏழரைக்கு ஃபோன் தன் பாட்டுக்கு அனுப்பியிருந்தது. அக்கா ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தாள். வேலை நேரத்தில் அவளால் அவ்வளவுதான் முடியும்.

மூன்றாம் நாள் மதியம் மேனேஜர் கேட்டார். "என்ன மேடம், நேத்து அக்கா யாரையும் எழுப்பலயே?"

அவள் சொன்னாள். ஏழு மெசேஜ், சூப்பு, முழங்கால், பக்கத்து அறைக் குழந்தை, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் கெட்டிக்காரத்தனம் அவளுக்கே பிடித்துப்போயிற்று. மேனேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பயங்கர ஆளு மேடம் நீங்க," என்றார்.

இன்று, நாலாவது பாய்லரின் நீராவியைக் குழாய்களுக்குத் திறந்துவிட்டு அழுத்தம் இறங்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஐந்தரைக்கு அவள் ஏணியில் ஏறினாள். இன்று யாரும் ஏணியைப் பிடிக்கவில்லை. வால்வின் மூடியைக் கம்பியால் கட்டி, கம்பி முனையில் ஈய முத்திரை அழுத்தியிருந்தது. முத்திரையில் இருந்தது அவள் கம்பெனியின் எண்தான். போன வருஷத்தது. கம்பியை வெட்டி மூடியைத் திருகி எடுத்தாள். உள்ளே, வால்வின் தண்டை மேலே எழவிடாமல், தலையில் மிதித்துக்கொண்டு நின்றது ஒரு போல்ட். விரல் பருமன். துருப் பிடித்திருந்தது. இரண்டாவது வால்விலும் அப்படியே. துணியைச் சுற்றிக் கழற்ற வேண்டியிருந்தது, இன்னும் சுட்டது. கீழே பார்த்தாள். பாய்லர் அறைக்கும் சாயத் தொட்டிகளுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருநூறு பேர். வாயைக் கட்டிய பாய்லர் வெடித்தால் சுவர் என்று ஒன்று இருந்ததே தெரியாது.

படம் எடுக்க ஃபோன் இல்லை. ஆலைக்குள் ஃபோன் கூடாது. காலையில் வாசலில், காவல் அறையின் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டு வருவது வழக்கம். அவள் ஒரு போல்ட்டை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

"அது ஒரு போல்ட் மேடம்," என்றார் மேனேஜர்.

"வால்வு வாயக் கட்டுன போல்ட்."

"கசிஞ்சுது. ஆர்டர் முடியுற வரைக்கும், ஒரு வாரத்துக்குன்னு போட்டது."

"எந்த வருஷத்து வாரம்?"

அவர் சிரித்தார். எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்பு. "மேல இருந்தது உங்க முத்திரைதானே மேடம். போன வருஷம் வந்தவர் நல்ல மனுஷன். சாயங்காலத்துக்குள்ள எல்லாம் முடிச்சுக் குடுத்துட்டுக் கிளம்பிட்டார்."

"அவர் இப்ப எங்க கம்பெனில இல்ல."

"தெரியும்," என்றார் மேனேஜர்.

பாய்லர்காரர் பின்னால் நின்று எதையோ சொன்னார். தாழ்ந்த குரல், வேகமான குரல். அவளைச் சுட்டிக் காட்டினார். இரண்டு விரல்களை உள்ளங்கையில் நடக்கவிட்டார். நிலக்கரிக் கிடங்குப் பக்கம் இருந்த சின்னக் கதவைக் கண்ணால் காட்டினார்.

"என்ன சொல்றார்?"

"டீ வேணுமான்னு கேக்கறார்," என்றார் மேனேஜர். அவரிடம் திரும்பி அவர் மொழியில் ஒரு வார்த்தை சொன்னார். பாய்லர்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அதற்கப்புறம் அவள் அவரைப் பார்க்கவில்லை.

"சர்டிபிகேட் டைப் பண்ணியாச்சு மேடம். நாளைக்கு மத்தியானம் புது வால்வு வருது. தேதி மட்டும் இன்னைக்குப் போட்டுருங்க. காலைல ஆறு மணி ஷிஃப்டுக்கு இது எரிஞ்சாகணும்."

"வால்வு வரட்டும். வந்தப்புறம் தேதி போடறேன். அதுவரைக்கும் எரியக்கூடாது."

"அந்தப் போல்ட்டையாவது குடுங்க. ஆலைப் பொருள் வெளிய போகக்கூடாது."

"ரிப்போர்ட்டோட போகணும்."

அவர் வற்புறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "சரி மேடம். உக்காருங்க, கார் வரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தினமும் ஐந்தே முக்காலுக்குக் கார் வாசலில் நிற்கும். இன்று ஆறு வரை வரவில்லை. பார்வையாளர் அறையில் மூன்று நாற்காலியும் ஒரு சுவர்க் கடிகாரமும் இருந்தன. முதல் நாள் போட்ட மெத்தை அவள் நாற்காலியில் இல்லை, எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆறு மணிச் சங்கு ஊதியது. தொழிலாளர்கள் பேசிக்கொண்டே பஸ்களில் ஏறினார்கள். கடைசி பஸ் திரும்பியதும், அதுவரை கேட்டுக்கொண்டிருந்ததே தெரியாத ஒரு நூறு சத்தங்கள் ஒன்றாக நின்றன. ஆறே முக்காலுக்கு மாடி விளக்குகளை யாரோ ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்கள். ஏழுக்கு அவள் எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள். பூட்டியிருந்தது. சின்னக் கதவு நினைவுக்கு வந்தது. இரண்டு விரலால் நடந்து காட்டினால் டீ என்று எந்த ஊரில் அர்த்தம்? கிடங்குப் பக்கம் போய்ப் பார்த்தாள். கதவில் பூட்டுத் தொங்கியது. பூட்டைத் தொட்டபோது விரலில் எண்ணெய் ஒட்டியது. இப்போதுதான் எண்ணெய் போட்டிருக்கிறார்கள்.

முன்வாசலுக்கு நடந்தாள். வாசல் சாத்தியிருந்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் சாலை நேராகக் கிடந்தது. ஒரு விளக்கு, அப்புறம் நீளமான இருட்டு, அப்புறம் இன்னொரு விளக்கு. ஹோட்டலுக்குக் காரில் நாற்பது நிமிஷம். காவல் அறையில் ஒருவர்தான் இருந்தார். தினமும் அவளைப் பார்த்து சல்யூட் வைக்கிற பெரியவர். அவள் காதருகே கையை வைத்து ஃபோன் என்று காட்டினாள். அவர் இரும்புப் பெட்டியைக் காட்டினார். சாவி திருகுவது போலக் காட்டினார். பிறகு சாப்பிடுவது போலக் காட்டினார். சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார். வாசலைத் திறக்கச் சொல்லிக் காட்டினாள். அவர் மேஜை மேல் இருந்த பதிவேட்டைத் தட்டி, சிரித்துக்கொண்டே கையை விரித்தார்.

அவளுக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்தாள். எழுத்து தெரியாவிட்டாலும் எண் எல்லா ஊரிலும் எண்தான். அவளுடைய அடையாள அட்டை எண்ணுக்கு நேரே, உள்ளே வந்த நேரம் 8.30. வெளியே போன நேரம் 5.45. இன்றைய தேதிக்கு. கையெழுத்துப் போடுகிற கட்டத்தில் ஒரு கிறுக்கல் இருந்தது. கீழ் வரியில் நாளைய தேதி. 8.30, 5.45. அதற்கடுத்த வரி. அதற்கடுத்தது. எட்டாம் நாள் வரைக்கும், ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதி வைத்திருந்தார்.

தினமும் அதே நேரம்தானே, எதற்கு ஒவ்வொரு நாளும் எழுதிக்கொண்டு என்று நினைத்திருப்பார். கெட்டிக்காரர். அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

ஆக, பதிவேட்டின்படி அவள் ஐந்தே முக்காலுக்கே வெளியே போய்விட்டாள். நாளைக்கும் வருவாள், போவாள். அக்காவுக்கு நாளைக்கும் மெசேஜ் போகும். இன்றைக்கு எது என்று யோசித்தாள். இன்றைக்குத்தான், சீக்கிரம் தூங்கப் போகிறேன், கூப்பிடாதே. நாளைக்கு முழங்கால். அதற்கு மறுநாள் குழந்தை அழும். ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிற நம்பர்களை அக்கா தினமும் பால் எடுக்கும்போது பார்ப்பாள். நிம்மதியாகக் கதவைச் சாத்துவாள். இறங்கியதும் பேசுகிறேன் என்றவள் பேசாமல் போனால்தான் சந்தேகம் வரும். அதற்கு இன்னும் நாலு நாள் முழுதாக இருந்தது. அந்தப் பெட்டிக்குள் கிடக்கிற ஃபோனில் சார்ஜ் எவ்வளவு இருந்தது? காலையில் நூறு. முதல் தடவையாக, அது தீர்ந்து போயிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டாள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத நடை. மேனேஜர் ஒரு தட்டில் இரண்டு கப் டீயோடு வந்தார். கக்கத்தில் ஒரு ஃபைல். சட்டைப் பையில் மூடி கழற்றிய பேனா. காவல்காரப் பெரியவரிடம் ஏதோ சொன்னார். பெரியவர் எழுந்து, அவளுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஆலைக்குள் நடந்தார்.

"கார் பஞ்சராம் மேடம்," என்றார் மேனேஜர். தட்டைப் பதிவேட்டின் மேல் வைத்தார். பெரியவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அதில் அந்த மெத்தை இருந்தது. "நின்னுட்டே இருக்கீங்களே. உக்காருங்க. டீ ஆறிடும்."

அவள் உட்காரவில்லை. கையை மேலங்கிப் பைக்குள் விட்டாள். போல்ட் ஆறியிருந்தது.

அப்போது இரும்புப் பெட்டிக்குள் ஏதோ ஒருமுறை அதிர்ந்தது. தகரத்தில் வண்டு மோதுகிற சத்தம். மெசேஜ் போய்விட்டது. சில நொடிக்குப் பிறகு, இன்னொரு முறை. அக்காவின் கட்டைவிரல்.

மேனேஜர் பெட்டியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"மணி ஏழரை ஆயிடுச்சே மேடம். அக்காவுக்கு மெசேஜ் போயிருக்கும்ல?"